கரை ஒதுங்கும் உடலும் தீர விசாரிக்கும் டாக்டரும்

காரைக்கால் கரையோரத்தில் வரிசையாக அமைந்துள்ள மீனவர் ஊர்களில் கருக்களாச்சேரியும் ஒன்று. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை பொங்கி வந்தபோது, காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அந்தத் துயரத்தில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. ஆகவே, கடல் கொண்டுவந்து போடும் உடல் எப்படி இருக்கும் என்பதை இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முகம் கறுத்து வீங்கியிருக்கும். நாக்கு வெளியே தள்ளியிருக்கும். நெற்றியிலும் முழங்காலிலும் சிராய்ப்பு இருக்கும். உதடும் காது மடலும் அறுபட்டதுபோல் காணப்படும். மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடியும். கூட்டம் கூடும். "யாரோ அடித்துக் கொன்று கடலில் போட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார். பொழுது சாய்வதற்குள் அதுவே ஊரெல்லாம் உண்மையாகிவிடும்.

அது உண்மையாகவும் இருக்கலாம். வெறும் வதந்தியாகவும் இருக்கலாம். மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடக் கொலைக்குச் சாட்சி அல்ல. அத்தனையையும் கடலும் வெயிலும் மீனும் நண்டுமே செய்துவிட முடியும். அதே சமயம், மேலே ஒரு கீறல்கூட இல்லாத உடல் கொலையுண்டவரின் உடலாக இருக்கவும் கூடும். இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையே வழி கண்டு நடப்பதுதான் சட்ட மருத்துவ நிபுணரின் வேலை. முதல் பார்வையை நம்பாமல் இருப்பதே அவருடைய தொழிலின் முதல் பாடம்.

இதை இன்று பேச வேண்டிய அவசியம் என்ன? 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் நாட்டில் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்துள்ளன. தடய அறிவியலுக்கு அவற்றில் பெரிய இடம் தரப்பட்டிருக்கிறது. ஆனால் கரையில் ஒதுங்கிய ஒரு மீனவரின் உடலுக்கு அந்தப் பெரிய இடத்தில் எவ்வளவு பங்கு கிடைக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கடல் செய்யும் காயங்கள்

தண்ணீரில் இறந்தவரின் உடல் முதலில் அமிழ்ந்துவிடும். தலையும் கைகால்களும் கீழே தொங்க, முதுகு மேலே இருக்கும்படி அது அடிமணலில் உராய்ந்துகொண்டே நகரும். ஆகவே நெற்றி, மூக்கு, புறங்கை, முழங்கால், கால்விரல் ஆகிய இடங்களில் தோல் சிராயும். பார்ப்பவர்களுக்கு அது தரையில் போட்டு இழுத்த அடையாளமாகத் தோன்றும். ஒருவிதத்தில் அது சரியே. இழுத்தது மனிதன் அல்ல, நீரோட்டம்.

பின்னர் உடலுக்குள் அழுகல் தொடங்கி வாயு சேரும். நம் கடற்கரை வெப்பத்தில் ஓரிரு நாட்களிலேயே உடல் மேலே மிதக்கத் தொடங்கும். கண் பிதுங்குவதும், நாக்கு வெளியே வருவதும், மூக்கிலும் வாயிலும் செந்நீர் வடிவதும் அந்த வாயுவின் அழுத்தத்தால்தான். கழுத்தை நெரித்தால் வரும் அடையாளங்களை அவை அப்படியே ஒத்திருக்கும்.

சிறு மீன்களும் நண்டுகளும் மென்மையான சதையை முதலில் தேடும். உதடு, கண் இமை, காது மடல், விரல் நுனி ஆகியவை முதலில் போய்விடும். மிதக்கும் உடல்மீது விசைப்படகு ஏறினால் அதன் சுழல் விசிறி ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சாய்வில், ஆழமான வெட்டுக்களைப் போடும். அரிவாளால் அடுக்கடுக்காக வெட்டியது போலவே அது இருக்கும்.

இவற்றை நிபுணர் எப்படிப் பிரித்தறிகிறார்? உயிரோடு இருக்கும்போது ஏற்பட்ட காயத்தில் இரத்தம் சுற்றியுள்ள சதைக்குள் ஊறிப் பரவும். கழுவினாலும் அது எளிதில் போகாது. இறந்த பிறகு ஏற்பட்ட காயத்தில் அப்படி ஊறல் இராது. விளிம்பு வெளிறிக் கிடக்கும். ஆனால் இங்கும் ஒரு சங்கடம் உண்டு. பல மணி நேரம் நீரில் ஊறிய உடலில், உயிருள்ளபோது பட்ட காயத்தின் இரத்தமும் கரைந்து வெளுத்துவிடலாம். ஆகவே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், காயத்தின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

மூழ்கினாரா, போடப்பட்டாரா?

அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. தண்ணீரில் கிடந்த உடல் எல்லாம் தண்ணீரில் மூழ்கி இறந்த உடல் அல்ல.

உள்ளங்கையும் பாதமும் வெளுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்து, "மூழ்கித்தான் இறந்திருக்கிறார்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. துணி துவைப்பவரின் கையும் அப்படித்தான் சுருங்குகிறது. உடல் தண்ணீரில் கிடந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி.

மூக்கிலும் வாயிலும் சோப்பு நுரை போல் நிற்கும் வெண்ணுரை இதைவிட நல்ல சாட்சி. துடைத்தால் மறுபடி வரும். நீரும் காற்றும் சளியும் மூச்சின் வேகத்தில் கடையப்பட்டு உண்டாவது அது. ஆனால் மாரடைப்பில் நுரையீரலில் நீர் கோத்தாலும், சில விஷங்களாலும்கூட நுரை வரும். அதோடு, அழுகல் தொடங்கியதும் இந்தச் சாட்சி மறைந்துவிடும்.

கைவிரல்களுக்குள் இறுகப் பிடித்த பாசியோ, மணலோ, வலைக் கயிறோ இருந்தால் அது மிகவும் விலை மதிப்புள்ளது. உயிர் பிரியும் கணத்தில் இறுகிய பிடி அது. பிறகு வேறொருவர் அப்படித் திணித்து வைக்க முடியாது. தண்ணீருக்குள் விழுந்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதை அந்தப் பிடி சொல்லும்.

டயாட்டம் என்னும் நுண்பாசிச் சோதனையும் உண்டு. கடலிலும் ஆற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாசிகள் உள்ளன. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்டவையாதலால் அமிலத்திலும் கரைவதில்லை. உயிரோடு மூழ்குபவர் நீரை மூச்சில் இழுக்கும்போது அவை நுரையீரலுக்குள் சென்று, இரத்தத்தில் கலந்து, துடிக்கும் இதயத்தின் மூலம் எலும்பு மஜ்ஞை வரை போய்ச் சேரும். இறந்த உடலைத் தண்ணீரில் போட்டால் நுரையீரலுக்குள் நீர் கசியலாம். மஜ்ஞை வரை போக இதயம் வேலை செய்யாதல்லவா? மஜ்ஞையில் கிடைத்த பாசியையும், உடல் கிடைத்த இடத்து நீரில் உள்ள பாசியையும் ஒப்பிட்டால், எந்த நீரில் மூழ்கினார் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். அரசலாற்று நீரில் இறந்தவரும் நடுக்கடலில் இறந்தவரும் ஒரே கரையில் ஒதுங்கக்கூடிய காரைக்காலில் இது சிறிய உதவி அல்ல.

ஆனால் இந்தச் சோதனையையும் நிபுணர்கள் முழுதாக நம்புவதில்லை. சோதனைச் சாலையின் குழாய் நீரிலேயே டயாட்டம் இருக்கலாம். மூழ்கியவரின் உடலில் அது கிடைக்காமலும் போகலாம். 1921-ல் நியூயார்க்கின் கெட்லர் என்ற நிபுணர், இதயத்தின் இரு பக்க இரத்தத்திலும் உள்ள உப்பின் அளவை ஒப்பிட்டு மூழ்கியதைக் கண்டுபிடிக்கலாம் என்றார். பல ஆண்டுகள் உலகமே அதை நம்பியது. இன்று அது கைவிடப்பட்ட சோதனை. ஆகவே, "மூழ்கி இறந்தார்" என்பது ஒரே அடையாளத்தைக் கொண்டு சொல்லும் முடிவு அல்ல. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு எஞ்சி நிற்கும் முடிவு.

டாக்டரின் கத்தியும் ஏமாற்றும்

1951-ல் தென்னாப்பிரிக்காவில் பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இருவர் ஒரு விந்தையை வெளியிட்டனர். பரிசோதனையின்போது கழுத்தை முதலிலேயே அறுத்துப் பார்த்தால், நிரம்பி நிற்கும் இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தம் கசிந்து கழுத்துச் சதைகளுக்குள் பரவுகிறது. அது கழுத்தை நெரித்த காயம் போலவே தோன்றுகிறது. அதாவது, குற்றவாளியின் விரல் பட்ட அடையாளம் என்று டாக்டர் நினைப்பது அவருடைய கத்தி செய்ததாக இருக்கலாம்!

தலையைக் கீழே தொங்கவிட்டு மிதந்த உடலில் கழுத்திலும் தலையிலும் இரத்தம் தேங்கியிருக்கும். அங்கே இந்த ஆபத்து அதிகம். ஆகவே, முதலில் மூளையையும் பிறகு மார்பு உறுப்புக்களையும் எடுத்து, இரத்தம் முழுவதும் வடிந்த பிறகு, கடைசியில்தான் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று விதியாகிவிட்டது. இந்த வரிசை மாறினால், குற்றமற்ற ஒருவர் கூண்டில் நிற்க நேரிடும்.

இதற்கு நேர் மாறான தவறும் சரித்திரத்தில் உண்டு. இங்கிலாந்தில் 1912-லும், 1913-லும், 1914-லும் மூன்று ஊர்களில் மூன்று பெண்கள் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தனர். உடலில் போராட்ட அடையாளம் இல்லை. மூன்றும் தற்செயலான மரணம் என்று முடிக்கப்பட்டன. பிறகு மூவருக்கும் கணவன் ஒரே ஆள், ஜார்ஜ் ஜோசப் ஸ்மித், என்பது வெளியாயிற்று. டாக்டர் ஸ்பில்ஸ்பரி உடல்களைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார். குளித்துக்கொண்டிருப்பவரின் கால்களைத் திடீரென்று மேலே தூக்கினால், தலை நீருக்குள் போய், நீர் மூக்கில் பாய்ந்த அதிர்ச்சியில் கணத்தில் நினைவு தப்பும் என்பதைப் போலீசார் சோதனை செய்தே அறிந்தனர். 1915-ல் ஸ்மித் தூக்கிலிடப்பட்டான். உடலில் காயம் இல்லாதது குற்றம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எறும்பும் மின்னலும் மீன் அறையும்

கடலில் மட்டுமல்ல, கரையிலும் வயலிலும் இந்த ஏமாற்று உண்டு.

வரப்பில் இறந்து கிடந்தவரின் கழுத்து மடிப்பிலும் இடுப்பிலும் பழுப்பு நிறத்தில் வரிவரியாகத் தோல் உரிந்திருக்கும். அமிலம் ஊற்றினார்களா, கயிற்றால் இறுக்கினார்களா என்று சந்தேகம் எழும். பெரும்பாலும் அது எறும்பு கடித்த இடமாக இருக்கும். ஈரமான மடிப்புக்களை எறும்பு விரும்பும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிறு சிறு கடிவாய்கள் தெரியும். இரத்த ஊறல் தெரியாது.

டெல்டாவில் மழைக்காலத்தில் நடவு வயலில் மின்னல் தாக்கி இறப்பவர்கள் உண்டு. அவர்களுடைய ஆடை தாறுமாறாகக் கிழிந்திருக்கும். செருப்பு பிய்ந்து தூரத்தில் கிடக்கும். பார்த்தவர்கள் பலாத்காரம் என்றே எண்ணுவார்கள். உடலில் இருந்த ஈரம் கணத்தில் ஆவியாகி விரிந்ததால் வந்த கிழிசல் அது. சிலர் தோலில் பெரணி இலையைப் பதித்தது போன்ற செந்நிறக் கோலம் காணப்படும். அது மின்னலின் கையெழுத்து. ஆனால் சீக்கிரம் மறைந்துவிடும். அதனால்தான் முதலில் பார்ப்பவர் அதைப் படம் எடுத்து வைப்பது அவசியம்.

படகின் அடியில் மீன் போடும் அறைக்குள் ஒருவர் இறங்கிச் சுருண்டு விழுகிறார். தூக்கப் போன இரண்டாமவரும் விழுகிறார். காயம் இல்லை, சத்தம் இல்லை. விஷம் வைத்தார்களா என்று கேள்வி எழும். அழுகிய மீனிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும், பிராணவாயுக் குறைவுமே அங்கே எமன். கழிவுநீர்த் தொட்டிகளில் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மாள்வதும் இதே காரணத்தால்தான். இங்கே உடலைவிட அந்த அறையின் காற்றே முக்கிய சாட்சி. அறையைத் திறந்து காற்றாட விட்ட பிறகு அந்தச் சாட்சி போய்விடுகிறது.

சென்னை கண்ட இரண்டு வழக்குகள்

இந்தியாவில் சட்டத்துக்காக நடந்த முதல் பிரேதப் பரிசோதனை என்று பதிவாகியிருப்பது சென்னையில்தான். 1693-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கவுன்சில் உறுப்பினர் வீலர் என்பவர் திடீரென்று மாண்டார். பாஷாணம் கொடுக்கப்பட்டதாகச் சந்தேகம். எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர் உடலைத் திறந்து பார்த்தார். கடைசியில் வெளியான உண்மை என்ன? வீலருக்கு மருந்து கொடுத்த டாக்டர் சாமுவேல் பிரௌனின் வேலையாள், முன்பு பாஷாணம் இடித்த உரலிலேயே முத்துப் பஸ்பத்தை இடித்துவிட்டான். விஷம் உண்மை, கொலை எண்ணம் இல்லை. உடல் "எதனால்" என்று சொல்லிற்று. "ஏன்" என்பதை உரல் சொல்லிற்று.

அடுத்தது 1952-ல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கு. தென்னாட்டையே உலுக்கிய வழக்கு அது. ராமேசுவரம் நோக்கிச் சென்ற ரயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. சில நாட்களில் சென்னை ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. மணலில் புதைத்ததை அலை வெளிக்கொணர்ந்துவிட்டது. இரண்டு இடங்களுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணா தலையையும் உடலையும் சேர்த்து ஆராய்ந்து இரண்டும் ஒருவருடையவையே என்று கண்டார். காதில் இருந்த துளைகளும், பட்டாளத்தில் இருந்தபோது பதிவான கைரேகையும் ஆள் இன்னார் என்பதை உறுதி செய்தன. கொலை நடந்த இடம் மானாமதுரையும் அல்ல, கடற்கரையும் அல்ல. சென்னையில் ஒரு வீடு. உடல் கிடைத்த இடத்தையே மரணம் நேர்ந்த இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அந்தப் பாடம் காரைக்காலுக்கு மிகவும் பொருந்தும். புதுச்சேரி அரசின் கீழ் உள்ள இந்தச் சிறு பகுதியைத் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகிறது. அப்போது தரங்கம்பாடிப் பக்கம் தவறியவர் காரைக்கால் கரையில் ஒதுங்கலாம். சோழகக் காற்றுக் காலத்தில் நாகப்பட்டினத்துக்காரர் இங்கே வரலாம். உடல் கிடைத்தது ஓர் அரசின் போலீஸ் எல்லையில்; காணவில்லை என்ற புகார் மற்றோர் அரசின் போலீஸ் நிலையத்தில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காவிட்டால், உடல் அடையாளம் தெரியாத பிணமாகப் புதைக்கப்படும். அங்கே ஒரு பெண் தாலியைக் கழற்றவும் முடியாமல், கட்டிக் காக்கவும் முடியாமல் காத்திருப்பாள். ஏழு ஆண்டு செய்தி இல்லாதவரையே சட்டம் இறந்தவராகக் கருதுகிறது.

நீரில் ஊறிய முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வது ஆபத்து. பெற்ற தாயே தவறு செய்யக்கூடும். பச்சை குத்திய அடையாளம், பல் வரிசை, பழைய ஆபரேஷன் தழும்பு, கையுறை போல் கழன்று வரும் தோலிலிருந்துகூட எடுக்கக்கூடிய கைரேகை, பல்லிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. ஆகியவையே நம்பத் தக்கவை. மேல்தோல் உரிந்த பிறகு பச்சை குத்திய எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரியும்.

துப்பாக்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது?

2025-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, காரைக்காலிலிருந்து சென்ற விசைப்படகு ஒன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படையிடம் சிக்கியது. அப்போது துப்பாக்கி வெடித்து, படகில் இருந்த 13 மீனவர்களில் ஐவர் காயமடைந்தனர்; இருவருக்குப் பலத்த காயம். சுட்டார்கள் என்றது ஒரு தரப்பு. கைகலப்பில் தற்செயலாக வெடித்தது என்றது மறு தரப்பு. இந்திய அரசு கடும் கண்டனம் தெரிவித்தது. நல்லவேளையாக அன்று உயிர்ச்சேதம் இல்லை.

2017-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கச்சத்தீவு அருகே குண்டு பாய்ந்து இறந்தார். தாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று கடற்படைக் கப்பல் மோதி மூழ்கியதில் ஒரு மீனவர் மாண்டார். பெட்டியில் வந்த உடல் அடக்கம் செய்யப்பட்டது. சாவில் சந்தேகம் இருக்கிறது என்று அவருடைய மனைவி மதுரை ஐகோர்ட்டுக் கிளைக்குப் போனார். உடலைத் தோண்டி எடுத்து மறுபடி பரிசோதிக்கக் கோர்ட்டு உத்தரவிட்டது.

இத்தகைய வழக்குகளில் இரு நாட்டு அறிக்கைகளும் மோதும்போது, எந்தப் பக்கமும் சாராமல் பேசக்கூடியது காயம் ஒன்றுதான். துப்பாக்கி உடலைத் தொட்டபடி வெடித்தால், காயத்துக்குள்ளேயே புகையும் கரியும் புகும். சிறிது தூரத்தில் வெடித்தால் சுற்றிலும் கரிப்படலமும், எரியாத மருந்துத் துகள்கள் குத்திய புள்ளிகளும் இருக்கும். அதற்கும் அப்பால் என்றால் வெறும் துளையும் அதன் விளிம்பில் ஒரு சிராய்ப்பு வளையமும்தான். கைகலப்பில் வெடித்ததா, எட்ட நின்று சுட்டதா என்பதை இது பெரும்பாலும் காட்டிவிடும். பலகையில் பட்டுத் தெறித்த குண்டு ஒழுங்கற்ற துளை போடும் என்பதையும் நிபுணர் மனத்தில் கொள்வார்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கரி முதலில் படிவது சட்டையில். கடல் நீர் அதைக் கழுவிவிடுகிறது. சட்டை தொலைந்தால் பாதிச் சாட்சி தொலைந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் ஸ்தலத்துக்கே நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். வரவேற்க வேண்டிய விதிதான்.

ஆனால் கரை ஒதுங்கிய உடலின் கதை இந்தப் பிரிவில் தொடங்குவதில்லை. 194-வது பிரிவில், அதாவது சந்தேக மரண விசாரணையில் தொடங்குகிறது. அங்கே போலீஸ் அதிகாரி ஊரார் முன்னிலையில் உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, மரணத்தின் தோற்றக் காரணத்தை எழுதி, 24 மணி நேரத்துக்குள் மேலே அனுப்ப வேண்டும். குற்றம் நடந்ததா என்பதே தெரியாத நிலை அது. குற்றம் என்று தெரிந்தால்தான் நிபுணர் வருவார். நிபுணர் வந்தால்தான் குற்றமா என்று தெரியும். இந்த இடைவெளியில்தான் தடயங்கள் அழிகின்றன.

இங்கிலாந்தில் கரோனர் என்ற தனி அதிகாரி சந்தேக மரணங்களை விசாரிக்கிறார். அமெரிக்காவின் பல நகரங்களில் மரண விசாரணை மருத்துவரின் அலுவலகமே ஸ்தலத்துக்கு ஆள் அனுப்புகிறது. நம் நாட்டில் டாக்டர் பெரும்பாலும் உடலை முதல் தடவையாகப் பார்ப்பது பரிசோதனை மேஜையில்தான். கரை எப்படி இருந்தது, உடல் குப்புறக் கிடந்ததா, மல்லாந்து கிடந்ததா, கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் போலீஸ்காரரின் காகிதத்தில் உள்ள அளவுதான் அவருக்குத் தெரியும். காகிதத்தில் "மூழ்கி இறந்ததாகத் தெரிகிறது" என்று இருந்தால், வேலைப்பளுவில் உள்ள டாக்டரின் மனமும் அந்தப் பக்கமே சாயும். மனித சுபாவம் அது.

காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சட்ட மருத்துவம் கற்பிக்கப்படும் இடம் அருகிலேயே இருக்கும்போது, கடலில் கிடைத்த உடல்களுக்காவது டாக்டரைக் கரைக்கே அழைத்துச் செல்லும் ஏற்பாடு செய்ய முடியாதா? புதிய சட்டம் இதற்குத் தடை சொல்லவில்லை.

சூரியன் அஸ்தமித்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலொழிய, அந்த அனுமதி இல்லை. விடியும் வரை காத்திருக்கச் சொன்னால் உறவினர்கள் கோபப்படுகிறார்கள். சந்தேகத்துக்குரிய உடல் அவசரத்தில் முடிக்கப்படக் கூடாது என்பதே அந்த விதிவிலக்கின் கருத்து. விளக்கொளியில் காயத்தின் நிறம் மாறித் தெரியலாம். காயத்தின் வயதை அதன் நிறமே சொல்கிறது.

அவசரம் என்ன செய்யும் என்பதை 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி கண்டது. பள்ளி மாணவி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து வதந்திகள் பரவி, 17-ந் தேதி கலவரம் மூண்டு, பள்ளிப் பஸ்கள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் ஐகோர்ட்டு உத்தரவுப்படி மறு பரிசோதனை நடந்தது. இரண்டு அறிக்கைகளையும் ஜிப்மர் டாக்டர்கள் குழு ஆராய்ந்தது. முதல் நாளிலேயே மக்கள் நம்பும்படியான விசாரணை நடந்திருந்தால், நெருப்புக்கு வேலை இருந்திராது.

ஒரு வரியின் விலை

மீனவர் குடும்பத்துக்கு அந்த அறிக்கையின் கடைசி வரி வெறும் எழுத்து அல்ல. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், விபத்தில் இறக்கும் மீனவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் என்று வகுக்கப்பட்டது. படகிலேயே மாரடைப்பால் இறந்து தண்ணீரில் விழுந்தாரா, விழுந்து மூழ்கி இறந்தாரா என்ற நூலிழை வித்தியாசத்தில் அந்தத் தொகை தொங்குகிறது. அதைத் தீர்மானிக்க நுரையீரலும் இதயத்தின் இரத்தக் குழாய்களும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டும். அவ்வளவும் பார்த்த பிறகும் விளங்காவிட்டால், "காரணம் தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதும் டாக்டர் கடமை தவறியவர் அல்ல. ஊகத்தை உண்மையாக எழுதுபவரே கடமை தவறியவர்.

இதில் ஊராருக்கும் பங்கு உண்டு. அண்டையில் வசிக்கும் மரியாதைக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன்னிலையில்தான் மரண விசாரணை நடக்க வேண்டும் என்கிறது சட்டம். கருக்களாச்சேரிக் கரையில் உடல் ஒதுங்கினால், அந்த இருவர் பெரும்பாலும் அந்த ஊர் மீனவர்களாகவே இருப்பார்கள். கடலைப் பற்றி எந்த அதிகாரியையும்விட அதிகம் அறிந்தவர்கள் அவர்கள்.

அலை இழுத்துப் போகும் அபாயம் இருந்தால் உடலை மேட்டுக்குக் கொண்டுவரலாம்; மற்றபடி அசைக்க வேண்டாம். அசைக்கும் முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளலாம். கழுவ வேண்டாம். துணியை மாற்ற வேண்டாம். கையில் பிடித்திருப்பதைப் பிரிக்க வேண்டாம். கழுத்திலோ காலிலோ கயிறு இருந்தால் முடிச்சை அவிழ்க்க வேண்டாம். அந்த முடிச்சை எந்த ஊர்க்காரர் போடுவார் என்பதுகூட ஒரு தடயம். அன்று காற்று வாடையா, சோழகமா, நீரோட்டம் எந்தப் பக்கம், அந்த வழியில் எந்தப் படகுகள் வந்தன என்பதை விசாரணை அதிகாரியிடம் சொல்லி, அறிக்கையில் எழுதச் சொல்லலாம். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடலாம்.

அந்தக் காகிதம்தான் மறுநாள் காலையில் டாக்டரின் கைக்குப் போகிறது. அதில் உள்ளதைக் கொண்டே அவர் கத்தியை எடுக்கிறார்.